திமிங்கிலத்தின் மிச்ச எலும்புகள்

ஒரே சங்கதியை நாள் முழுக்க நின்றுகொண்டே சொல்லிப் பிழைக்கும் தொழில் என்னுடையது. பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று விளக்கம் சொல்பவள். கூரையிலிருந்து தொங்கும் அது வாயைத் திறக்காது, அதற்கும் சேர்த்து நான் திறக்கிறேன். தொண்டை கட்டிய வாத்தியார்களே, கண்டக்டர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மீன் பக்கத்தில்

ஸ்ரீராம்புரத்திலிருந்து பிள்ளைகளோடு வந்த ஓர் அம்மா, "இவ்ளோ பெரிய மீனா" என்று அண்ணாந்து பார்த்தார். விடுவேனா? மீன் செவுளால் மூச்சு விடும். இது மேலே வந்து நம்மைப் போல நுரையீரலால் விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும், நம் கூட்டத்தைச் சேர்ந்த பாலூட்டி என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். பெருமையாக நிமிர்ந்தபோது அவர் சுற்றியிருந்த கண்ணாடிப் பெட்டிகளை ஒரு நோட்டம் விட்டுக் கேட்டார்: "அப்போ ஏம்மா இத்த மீனுங்க கூட மாட்டி வெச்சிருக்கீங்க?"

பல்லுக்கு வேலை

எங்கள் திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையில் சீப்பு மாதிரித் தகடுகள்தான். வாய் நிறையக் கடல்நீரை அள்ளி, நீரை வெளியே தள்ளி, சிக்கிய பொடி இறால்களை விழுங்கும். டால்பின் பல் உள்ள திமிங்கில வகை. அந்தப் பல்லும் மீனைப் பிடிக்கத்தான், மெல்வதற்கு அல்ல. கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த ஐ.டி. இளைஞர் இதைக் கேட்டுத் தலையாட்டினார்: "எங்க ஆபீஸ் லஞ்ச்சும் அப்படித்தான் மேடம், மெல்றதுக்கு டைம் இல்ல."

மிச்சமான இரண்டு

கூரைக்கு வெள்ளையடிக்க எலும்புக்கூட்டை இறக்கினார்கள். திரும்ப மாட்டியவர் பொம்மசந்திரா தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிட்டர் முருகேசன். மறுநாள் காலை பார்த்தால், வால் பக்கம் தனிக் கம்பியில் தொங்கவேண்டிய இரண்டு சின்ன எலும்புகளைக் காணோம். பதினொரு மணிக்கு மேலதிகாரி பார்வையிட வருகிறார். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பதும் அன்றுதான் முடிவாகும். எலும்புகளுக்கோ நான்தான் பொறுப்பு.

முருகேசனுக்குப் போன் போட்டேன். "அது ரெண்டும் முதுகெலும்போட எங்கயும் ஜாயின்ட் ஆகல மேடம். எக்ஸ்ட்ரான்னு டூல்பாக்ஸ்ல போட்டுட்டேன்" என்றார். பைக்கில் ஓசூர் ரோடு நெரிசலுக்குள் புகுந்து வந்து சேர்ந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டே அவருக்கு விளக்கினேன். இதன் மூதாதைகள் நான்கு காலில் தரையில் நடந்தவை. கடலுக்குள் போன பிறகு தலைமுறை தலைமுறையாகப் பின்னங்கால் சுருங்கி மறைந்தது. எஞ்சியது இந்த இடுப்பெலும்பு, எதிலும் சேராமல் சதைக்குள் தனியாகக் கிடக்கும். அவர் கடைசிக் கம்பியை முறுக்கும்போது அதிகாரி வந்துவிட்டார். "என்னப்பா இது, ஒட்டாம தொங்குது? எடுத்துடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏணி மேலிருந்து முருகேசன் சொன்னார்: "எடுக்கக் கூடாது சார். ஒரு காலத்துல இது தரையில நடந்துச்சு, அதுக்கு இது ரெண்டும்தான் சாட்சி."

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது. எதிலும் பூட்டாமல் தொங்கும் உருப்படிகள் இப்போது எங்கள் கூடத்தில் என்னையும் சேர்த்து மொத்தம் மூன்று.