அவர் அன்று குடிக்கவில்லை

என் கணவர் அன்று குடித்திருக்கவில்லை. அது தெரிந்த பிறகும் அவரைக் குடிகாரனாகவே காட்டினேன்... உங்களைத் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். எண்பதுகளில் அங்கே இருந்தோம். தைப்பூசக் காவடிக்காக விரதமிருந்தவர், கள்ளை அடியோடு விட்டிருந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளாடி வந்து விழுந்தார். கால் இழுபட்டது, வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடை நிரம்பி வழியும் நாள். எனக்கு வேறென்ன தோன்றும்?

“விரதத்துலயும் ஊத்திக்கிட்டு வந்துட்டியாய்யா? சாமிக்காவது பயப்பட வேணாமா?”

லயமே எட்டிப் பார்த்தது.

தூக்கிவிடக் குனிந்தேன். கள் வாடையே இல்லை! திருநீறும் வியர்வையும்தான் மணத்தன.

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டாமா? ஆனால் பக்கத்து வீட்டு அஞ்சலை இடுப்பில் கைவைத்து நின்றாளே! அத்தனை பேர் முன் கத்திவிட்டு எப்படிப் பின்வாங்குவது? வறட்டுக் கௌரவம்... “கெடக்கட்டும், தெளிஞ்சா எந்திரிப்பாரு” என்றேன். இடது கையால் என் சேலையைப் பிடித்தார். உதறிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பொழுது சாய்ந்தும் அவர் எழவில்லை. அதன்பிறகுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருச்சும்மா. எப்ப ஆச்சு?” என்றார் டாக்டர்.

“இப்பதாங்க” என்றேன். அங்கேயும் பொய்!

என் மருமகள் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்க்கிறாள். இப்போதெல்லாம் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்த ரத்தக் கட்டியை வெளியே இழுத்துவிடுகிறார்களாம். சிலர் எழுந்து நடக்கவே செய்கிறார்களாம். “அப்ப அதெல்லாம் ஏது அத்தை? சீக்கிரம் போயிருந்தாலும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுலா” என்கிறாள்.

ஆறுதலாம்! கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. அந்தக் குழாய் எல்லாருக்கும் பலிக்குமா என்று கேட்டேன். “நேரத்தோட வந்தாத்தான் அத்தை” என்றாள். வாசலில் என்னைப் போல் ஒருத்தி கதவைச் சாத்தினால் எந்தக் குழாய் என்ன கிழிக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

அதுகூடப் போகட்டும். அவர் பேச்சில்லாமல் வருடக்கணக்கில் கிடந்து செத்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் “விரதத்துல குடிச்சா சாமி சும்மா விடுமா?” என்றார்கள், அவர் காதுபடவே! அவர் என்னையே பார்ப்பார். குடிக்கவில்லை என்று சொல்ல அந்த வீட்டில் வாய் இருந்தது எனக்கு மட்டும்தான்.

நான் வந்தவர்களுக்குக் காப்பி கலக்க எழுந்து போய்விடுவேன்.