தக்கை இல்லாத தூண்டில்

என்னுடைய ராஜினாமாக் கடிதத்தை நானேதான் டைப் அடிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் டைப் தெரியும் என்பது ஒரு காரணம். என் கண்ணைப் பற்றி என்னைத் தவிர மற்ற எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் நான். சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. எண்பதுகளின் தொடக்கத்தில் அதுவும் என்னைக் கைவிட்டது. தூரத்தில் மரம் தெரியும், அதில் உட்கார்ந்திருக்கும் காக்கை தெரியாது. பஸ் வருவது தெரியும், அது நாகூர் போகிறதா திருநள்ளாறு போகிறதா என்று தெரியாது. கண் டாக்டர், இனிமேல் கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை, இருக்கிற பார்வை இப்படியே இருக்கும் என்றார். நான் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டேன். வீட்டில் இழவுச் சேதியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீசில் என் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. காகிதத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படித்துவிட்டால் மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும். எந்த டைப்பிஸ்டும் எழுத்துக் கட்டையைப் பார்த்து அடிப்பதில்லை. ஒருநாள் ஹெட்கிளார்க், "ஏம்மா, கடுதாசிய படிக்கிறீங்களா, மோந்து பாக்குறீங்களா?" என்று கேட்டார். "மோந்து பாத்துத்தான் சார் நீங்க விட்ட தப்பையெல்லாம் கண்டுபுடிக்கிறேன்" என்றேன். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வீட்டில் விடவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்லவர். அந்தச் சமயத்தில் அளவுக்கு மீறி நல்லவராக மாறிக்கொண்டிருந்தார். தெரு தாண்டும்போது கையைப் பிடித்தார். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் நான் உட்கார வேண்டிய இடத்தை இரண்டு தடவை தட்டிக் காட்டினார். ஒருநாள் சாப்பிடும்போது என் தட்டில் இருந்த மீனை எடுத்து, முள்ளை ஆய்ந்து, சதையை மட்டும் திரும்ப வைத்தார். பிறந்ததிலிருந்து மீன் தின்கிறவள் நான். மத்திக்கு முள் எங்கே இருக்கும் என்று என் நாக்குக்குத் தெரியாதா? எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, எங்கள் வீடு இருந்த கோவில்பத்திலிருந்து சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரிச்சிக்குடிப் பக்கம் வாய்க்காலுக்குப் போவார். கூடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்வது என் வேலை. அப்படி ஒரு ஞாயிறு, கழியை என் கையில் கொடுத்துவிட்டு மண்புழு தோண்டப் போனார். தக்கை எங்கே மிதக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்ளங்கையில் ஏதோ இரண்டு தடவை தட்டியது.

"என்னங்க, மீன் கடிக்குது."

அவர் அங்கிருந்தே பார்த்தார். "தக்கை அசையவே இல்லையே. சும்மா புடி."

நான் சும்மா பிடிக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். முள்ளில் புழு இல்லை. வெறும் முள் மட்டும் தொங்கியது. தக்கைக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது, அதை என் கை முதலில் கேட்டிருக்கிறது. அந்த இடத்திலேயே தக்கையை அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தேன்.

"எனக்கு ஒரு கழி வேணும். தக்கை வேண்டாம்" என்றேன்.

அவருடைய கழி எனக்கு ஆகாது என்பது அடுத்த அரை மணியில் தெரிந்துபோனது. அது தடிமனான மூங்கில். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு கடுத்தது, கடுத்த கைக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணை நம்பி மீன் பிடிக்கிறவர்கள் எந்த உலக்கையை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இலேசான கழி வேண்டும், நுனியில் எறும்பு ஊர்ந்தால் அடியில் தெரிய வேண்டும்.

மறு சனிக்கிழமை டவுனில் மூங்கில் கடைக்குப் போனோம். கடைக்காரர், "வாங்கம்மா, பந்தலுக்கா, சாரத்துக்கா?" என்றார்.

"தூண்டிலுக்குங்க."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சாருக்கா?"

"சாருக்கு இருக்கு. எனக்குத்தான்."

கட்டை விரல் பருமனுக்கு மேல் ஒன்றை உருவி நீட்டினார். "வெரால் இழுக்குற இழுப்புக்கு இதுதாம்மா தாங்கும்." என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். வாங்கி ஒரு விரலில் கிடத்திப் பார்த்தேன். கனமெல்லாம் நுனிப் பக்கம் இருந்தது, முன்னால் சாய்ந்து விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்தது பச்சை வாடை போகாதது. தரையில் தட்டினால் சத்தமே வரவில்லை. அடுத்தது இலேசுதான், ஆனால் கணுவுக்குக் கணு பூச்சி அரித்திருந்தது. நான்கைந்து பேர் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். பார்க்கட்டும் என்று, மெல்லிய கழிகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றின் அடியையும் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"அந்த நுனிய நகத்தால லேசாச் சொரண்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

பாவம், அவர் சுரண்டினார். சில கழிகளில் ஒன்றும் வரவில்லை. சிலவற்றில் எங்கோ யாரோ நடப்பது மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் கடைக்கு வெளியே போய் நின்று சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்திருக்கும். எனக்கு இல்லை. சேலை எடுக்கப் போனால் நூறு சேலையைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறோம், அப்போது யாரும் சிரிப்பதில்லை.

கடைசியில் ஓரமாகக் கழித்துப் போட்டிருந்த ஒன்று. சுண்டுவிரல் பருமன் நுனி, நன்றாகக் காய்ந்தது, இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. அவர் நகம் பட்டதும் என் தாடையில் 'கிர்'ரென்றது.

"அது கோணம்மா. நடுவுல வளைஞ்சிருக்கு, பாருங்க."

"கோணலப் பாக்கத்தானேங்க கண்ணு வேணும். இதையே குடுங்க."

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து இறங்கினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். எனக்கு அவர் பெரியத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரான்சிலிருந்து வருவார். பிரியமான மனிதர், எல்லோருக்கும் சாமான் கொண்டுவருவார், எல்லோருக்கும் முடிவும் அவரே எடுப்பார். இந்தத் தடவை தம்பிக்குத் தூண்டில் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி நார்க் கழி, மூன்று துண்டாகக் கழற்றி மாட்டலாம், கீழே தூண்டில் நரம்பைச் சுற்ற ஒரு ராட்டினம். "வுவாலா!" என்று, இதோ பார் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, என் கையில் வைத்தார். கடல் மீனுக்குச் செய்தது. நல்ல அம்மிக்குழவிக் கனம்.

என் கண் விஷயம் கேள்விப்பட்டு அவர்தான் ராஜினாமாவை முடிவு செய்தார். "கவர்மெண்டு வேலைங்கிறது அவங்களா போகச் சொல்ற வரைக்கும் வெச்சுக்கக் கூடாதும்மா. மரியாதையா நாமளா விட்டுடணும்." கடிதத்தை அவரே அழகான கையெழுத்தில் எழுதி, நாலாக மடித்து, என் ஆபீஸ் பையில் வைத்தார். திங்கட்கிழமை டைப் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் முள் ஆய்ந்து கொடுத்த அதே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு ஒத்துக்கொண்டால் அடுத்து சமையல்கட்டு, அதற்கு அடுத்து வாசல் என்று ஒவ்வொன்றாகப் போகும் என்று எனக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மூவரும் வாய்க்காலுக்குப் போனோம். கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீர் முழுக்க வெங்காயத்தாமரை. பெரியத்தான் ராட்டினத்தைத் தட்டிவிட்டு வீசினார். முதல் வீச்சு எதிர்க்கரைக் காட்டாமணக்கில் மாட்டியது. இரண்டாவது தாமரை இலை மேல் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எந்த விராலும் நிற்காது.

நான் வீசவில்லை. என் கழியில் கழி நீளத்துக்குத்தான் நரம்பு. முள்ளில் குட்டித் தவளை. இடது கையில் நரம்பைப் பிடித்து, ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டு ஆட்டி, இலைகளுக்கு நடுவில் இருக்கும் பொந்தில் சத்தமில்லாமல் இறக்கினேன். எனக்குப் பச்சை தெரியும், கறுப்பு தெரியும். பச்சைக்கு நடுவில் கறுப்பாக இருப்பது தண்ணீர். அது போதும்.

தவளை உதைப்பது கழியில் வந்தது. ஒரு பொந்து, இரண்டு பொந்து, மூன்றாவதில் உதைப்பது சட்டென்று நின்றது. கீழே யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் 'தட்' என்று ஒரே ஒரு அடி.

விரால் இரையை எடுத்ததும் விழுங்காது. வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், நின்று, பிறகுதான் உள்ளே தள்ளும். அதுவரை நரம்பைத் தளர்த்திக்கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டும். அது போவது என் விரலில் தெரிந்தது. இன்னும் விழுங்கவில்லை என்பதும் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன்.

"இழும்மா! நரம்பு ஓடுது பாரு! தெரியலையா?" பெரியத்தான் பாய்ந்து வந்து கழியை என் கையிலிருந்து பிடுங்கி ஒரே வெட்டாக வெட்டி மேலே இழுத்தார்.

தவளை மட்டும் வந்தது. வந்து அவர் சட்டைப்பையில் மோதியது.

தண்ணீர் ஒருமுறை புரண்டு அடங்கியது. அவர் கழியைக் கரையில் போட்டுவிட்டுத் தம்பியிடம் மெதுவாக, எனக்குக் காதும் கேட்காது என்பது மாதிரி சொன்னார்: "பாவம்டா இந்தப் பொண்ணு. கண்ணு மட்டும் தெரிஞ்சிருந்தா புடிச்சிருக்கும்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு உயர்த்தினேன்.

"பெரியத்தான், அது வாயில தவளை இருந்துது, எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் முழுங்கலைன்னும் தெரிஞ்சுது. நரம்பு ஓடுறத நீங்க பாத்தீங்க, அவ்வளவுதான். நான் விட்டிருந்தேன்னா அது என் தப்பு, நானே பட்டுக்குறேன். நீங்க விட்டுட்டு என் கண்ணு மேல போடாதீங்க!"

அவர் சட்டையில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கழியை எடுத்தார். தகர டப்பாவிலிருந்து இன்னொரு தவளையை எடுத்து முள்ளில் கோர்க்கப் போனவர், பாதியில் நிறுத்தி, தவளையைத் தனியாகவும் முள்ளைத் தனியாகவும் என் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் வேறு மீன் எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் மெஷினில் காகிதத்தைச் செருகினேன். பையில் இருந்த கடிதத்தை மூக்குக்குக் கிட்டே பிடித்து ஒருமுறை முழுதும் படித்தேன். 'பார்வைக் குறைவின் காரணமாக' என்று தொடங்கியது. மடித்துத் திரும்பப் பையில் போட்டுவிட்டு வேறொன்று அடித்தேன். மறுநாள் மத்தியானம் அரைநாள் லீவு கேட்டு ஒரு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் சொந்த வேலை என்று போடுவார்கள். நான் விரால் பிடிக்க என்று அடித்தேன்.

ஹெட்கிளார்க் இரண்டு தடவை படித்தார். "என்னம்மா இது?"

"அது இன்னும் அங்கதான் சார் இருக்கு. ஒரு பொந்தப் புடிச்சா லேசுல மாறாது."

கையெழுத்துப் போட்டுவிட்டு, "கெடச்சா சொல்லுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கழியையும், ஈர வைக்கோல் போட்ட தவளை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். பெரியத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். எந்த பஸ் என்று நாலு பேரிடம் கேட்டு ஏறினேன். கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. கழியை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம் மாட்டேன் என்று சொல்லி, வழி முழுக்கச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே போனேன்.

அதே கறுப்புப் பொந்து. தவளை உதைத்தது, நின்றது, தட்டியது. இந்தத் தடவை இழு என்று கத்த யாரும் இல்லை. போனது, நின்றது, நான் பொறுத்தேன். நரம்பு மறுபடி கனத்தபோது இழுத்தேன். கோணல் கழி வில்லாக வளைந்தது, ஒடியவில்லை. கரையில் விழுந்து துள்ளியதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். முழங்கை நீளம். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்து நானே கழுவினேன், நானே குழம்பு வைத்தேன். விராலில் ஆய்ந்து கொடுக்க அவ்வளவு முள் கிடையாது. என் வீட்டுக்காரர் கை என் தட்டுப் பக்கம் வரவே இல்லை. பெரியத்தான் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அந்தக் கடுதாசி என்னாச்சும்மா?"

"செதிலையும் கொடலையும் அதுலதான் மடிச்சு வெளிய போட்டேன் பெரியத்தான். இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.