மூன்றாவது குடம்

என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு முழ நீளக் காகிதச் சுருள் இருக்கிறது. நரம்புப் பரிசோதனை இயந்திரம் சூட்டில் அச்சடித்துத் துப்பியது. அதில் இரண்டு அலைகள்: முதலாவது கடுகளவு, இரண்டாவது மலையளவு. இரண்டுமே என் அண்ணியின் வலது கையிலிருந்து வந்தவை. என் சொத்திலேயே பெரியது இதுதான் என்றால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என நான்கு பேர். கே.ஜி.எஃப். பெண்ணான அண்ணி, கல்யாணமான இரண்டாம் வருடமே தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்தும் எழ முடியாமல் திணற ஆரம்பித்தாள். காலையில் தெருக்குழாயில் விவகாரம் அம்பலமாகும். முதல் குடத்தை இடுப்பில் ஏற்ற யாராவது கை கொடுக்க வேண்டும். இரண்டாவதில் தடுமாறுவாள். மூன்றாவதைத் தானே தூக்கிவிடுவாள். ஐந்தாவதில் மறுபடி துவண்டுவிடுவாள்.

"மூணாவது கொடம் தூக்குறவளுக்கு மொதக் கொடம் மட்டும் கனக்குதா? நல்லா நடிக்கிறா" என்று அம்மா குழாயடி முழுக்கச் சொல்லிவைத்தாள். பொங்கல் முடிந்ததும் அண்ணியைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள். அண்ணன் தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அம்மா பக்கம்தான். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நரம்புகளைச் சோதிக்கிற வேலை எனக்கு. நடிப்பு என்று இயந்திரமே சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் அண்ணியை அழைத்துப் போனேன்.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு: சோதனை முடியும்வரை கை அசையவே கூடாது. மணிக்கட்டில் மின்துடிப்பு கொடுத்தேன். திரையில் கடுகளவு அலை. எங்கோ ஒயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். அப்போது உள்ளே வந்த டாக்டரம்மா, "இன்னொந்து சல மாடி" என்று கன்னடத்தில் இன்னொரு முறை செய்யச் சொன்னார். கொடுத்தேன். அலை மலையாக எழுந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் அண்ணி விரல்களை இறுக மடக்கி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையை ஆட்டாதீங்கன்னு சொன்னேன்ல அண்ணி!" என்று எரிந்து விழுந்தேன்.

"சும்மா வெச்சிருந்தா வரமாட்டேங்குது. முறுக்கினாத்தான் பலம் வருது. கொழாய்லயும் அப்படித்தான். எத்தினி வாட்டி சொன்னேன், யாரு கேட்டீங்க?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையை ஓய்வாக வைக்கச் சொன்னார், அலை சிறுத்தது. பத்து நொடி இறுக்கச் சொன்னார், எழுந்தது. மூன்று முறை செய்தும் அதே கதை. பிறகு எனக்கு விளக்கினார். நரம்பின் முனையில் கால்சியம் நுழைவதற்கென்றே நுண்ணிய வாசல்கள் உண்டு. துடிப்பு வந்ததும் அவை திறந்து கால்சியம் உள்ளே போனால்தான், தசையை இயக்கும் ரசாயனத்தை நரம்பு வெளியே விடும். அண்ணியின் உடம்பே அந்த வாசல்களைப் பகை என்று எண்ணித் தாக்கிக்கொண்டிருந்தது. பல பழுதாகிவிட்டன. மிச்சமிருந்த சில வாசல்கள் வழியே, விடாமல் முயன்றால் மட்டும், கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்ந்து, சிறிது நேரத்துக்குப் பலம் தரும். எதை நாங்கள் நடிப்பு என்றோமோ, அதுதான் நோயின் கையெழுத்து. நான் அங்கேயே அழுதேன்.

இந்த நோயோடு சிலருக்கு நுரையீரலில் கட்டியும் இருக்குமாம். அண்ணிக்குக் கட்டி எதுவும் இல்லை. மாத்திரைகள் தொடங்கின. அம்மாவிடம் காகிதத்தை நீட்டி, சின்ன அலை முதல் குடம், பெரிய அலை மூன்றாவது குடம் என்றேன். அவள் அதை வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை காகிதத்தோடு குழாயடிக்குப் போனாள். எங்கே பழி சொன்னாளோ அங்கேயே நின்று, "என் மருமக பொய் சொல்லலடி. நான்தான் பாவி. பாருங்க!" என்று ஒவ்வொருத்தியிடமும் காட்டினாள். ஒருத்திக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் எல்லோரும் பார்த்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, முதல் குடம் நிறைந்ததும், அன்றுமுதல் தானே கை கொடுத்துவந்த பழக்கத்தில் அம்மா கை நீட்டினாள். "விடுங்க அத்தை" என்று அண்ணி தானே தூக்கி இடுப்பில் வைத்தாள். வரிசையே கைதட்டியது.

இப்போது அந்த வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. போன வாரம் காகிதத்தை அங்கே எடுத்துப் போனேன். வருடங்களில் அச்சு வெளிறி, பெரிய அலை நிழலாகத்தான் தெரிகிறது. சின்னது இருந்த இடமே தெரியவில்லை.

அண்ணி தரையில் உட்கார்ந்து வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொதக் கொடம் அழிஞ்சேபோச்சு" என்று சிரித்தாள். பிறகு எனக்குக் காபி போட எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை.