முழுகாமல் இருந்த நீச்சல் டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த நீச்சல் டீச்சர், கையிலிருந்த பிளாஸ்டிக் குச்சியைக் கணவரிடம் நீட்டினார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் வெறும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கும்போது அடித்துப் பார்க்கிற டார்ச்சை எடுத்துவந்து, குச்சியின் மேல் வெளிச்சம் அடித்து, இரண்டு கோடுகளையும் எண்ணினார். மறுபடி எண்ணினார். இரண்டும் இரண்டாகவே இருந்தன.

"ரெண்டாவது கோடு கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"அது என்ன கரெண்டா, முழு வோல்டேஜ்ல எரியறதுக்கு?" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.  பன்னிரண்டு அடி ஆழத்தில் பயமில்லாமல் தலைகீழாகப் போய் வருகிறவர், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

இது இரண்டாவது முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை கோடு தெரிந்தபோது, சாயங்காலத்துக்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அம்மா, மாமியார், இரண்டு நாத்தனார்கள், பழைய வீட்டுக்காரர், மூலைக்கடை அக்கா, யாரையும் விடவில்லை. ஒன்பதாவது வாரம் அது இல்லாமல் போயிற்று. போனதைவிடப் பெரிய பாடு, சொன்ன அத்தனை பேரிடமும் திரும்பப் போய்ச் சொன்னதுதான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. மூலைக்கடை அக்கா எப்படியோ விட்டுப்போய்விட்டார். நாலு மாதம் கழித்து, பாக்கெட் பாலை நீட்டிக்கொண்டே, "வயிறே தெரியலையே, எத்தனாவது மாசம்?" என்று ஆசையாகக் கேட்டார். அதற்குப் பிறகு டீச்சர் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. பால் வாங்க மூன்று தெரு சுற்றினார்.

ஆகவே இந்த முறை சட்டம் போட்டாயிற்று. பன்னிரண்டாவது வார ஸ்கேன் முடிகிறவரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது. தெரிந்தே ஆகவேண்டியவருக்கு மட்டும் தெரியலாம். ஆளுக்கு ஆள் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை கிளினிக்குக்குப் போன் போட்டார்கள். எடுத்த நர்ஸ் நிதானமான குரல்காரி. தினமும் ஒரு ஃபோலிக் ஆசிட் மாத்திரை, இன்றே ஆரம்பிக்கலாம் என்றார். வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார். அங்கேதான் மெக்கானிக் மாட்டிக்கொண்டார். டீச்சர் மூன்று வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்று அன்றைக்குக் காலையிலேயே அந்த டப்பாவை எடுத்து, ஸ்பேனர் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தார் மனுஷர். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அதிலும் இந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, ரத்தம் பார்த்துவிட்டு அளவைக் கூட்டினாலும் கூட்டுவார்கள் என்று நர்ஸ் சொன்னபோது, ஸ்பேனர் பெட்டி திறக்கும் சத்தம் போன்வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதியைக் கேட்டார் நர்ஸ். டீச்சர் யோசிப்பதற்குள் மெக்கானிக் டைரியைப் புரட்டித் தேதியைச் சொல்லிவிட்டார். லிஃப்ட் சர்வீஸ் தேதிகளுக்கு நடுவே அதையும் குறித்துவைத்திருந்தது அப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது. அந்தக் கணக்குப்படி ஆறு வாரம் என்றார் நர்ஸ். அந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்களாம். மெக்கானிக்குக்கு அது ஒத்துவரவில்லை.

"அப்போ லிஃப்டை மாட்டுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஓடினதா கணக்கா?"

"ஆமாம் சார், அப்படித்தான்" என்றார் நர்ஸ், இதைத் தினமும் கேட்கிறவரைப் போல.

வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், குளோரின் கலக்கும் அறைப்பக்கம் போகவேண்டாம், மேலேயிருந்து குதிக்கவேண்டாம், தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி வியாழக்கிழமை டாக்டர் சொல்வார், அதுவரை கரையிலேயே நில்லுங்கள் என்றார்.

ஆக, தெரிந்தே ஆகவேண்டியவர் ஒருவர் முளைத்துவிட்டார். நீச்சல் குளத்து மேனேஜர்.

மேனேஜருக்கு இருபத்தாறு வயசு. இவர்கள் பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரிலேயே பிறந்து அந்த ஊர் மொழியிலேயே படித்த தமிழ்ப் பிள்ளை. சனிக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றுக்கொண்டதால் அவர் தமிழ் துவைத்து இஸ்திரி போட்டதுபோல் இருக்கும், மடிப்புக் கலையாது. தண்ணீருக்குப் பயந்த பெரியவர்களுக்காகப் புதன்கிழமை காலையில் தமிழிலேயே ஒரு வகுப்பு வைக்கலாம் என்பது அவருடைய யோசனைதான். அந்த வகுப்புக்கான அறிவிப்புகளை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே தமிழில் எழுதுவார். யாராவது ஒற்றுப்பிழை சொன்னால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் அவர் அறைக்குள் போய் நின்றார். நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை. தன்னைவிட ஏழு வயசு சின்னப் பையனிடம் போய் எப்படிச் சொல்வது? அம்மா அக்கம்பக்கத்தில் யாரைப் பற்றியாவது தாழ்ந்த குரலில் சொல்கிற அந்தச் சொல்தான் கைகொடுத்தது.

"தம்பி, நான் முழுகாம இருக்கேன்."

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். கவலையோடு பார்த்தார்.

"சரிங்க டீச்சர். எவ்வளவு நாளைக்கு?"

மரியாதைக்குக்கூடக் கூச்சப்படாமல் கேட்கிறானே என்று டீச்சருக்கு ஆச்சரியம். "இன்னும் ஏழெட்டு மாசம்" என்றார். அவ்வளவு நாளா என்று அவர் புருவம் உயர்ந்தது. குளோரின் அறையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன், கரையில் நின்றே வகுப்பு எடுங்கள், ஒன்றும் பிரச்சினையில்லை என்றார். வெளியில் யாருக்கும் தெரியவேண்டாம் என்று டீச்சர் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. இதைக்கூடவா ஒரு பிள்ளையிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து அவரும் வந்துவிட்டார்.

புதன்கிழமை காலை பலகையில், நீலப் பேனாவில், ஒற்றுப்பிழை இல்லாமல் இப்படி இருந்தது:

ஆசிரியை முழுகாமல் இருக்கிறார். எனவே வகுப்பு கரையிலிருந்து நடைபெறும். ஒத்துழைப்புத் தருக.

டீச்சர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்ததால் பலகையைப் பார்க்கவில்லை. குளத்தோரம் போனபோது வகுப்பில் இருந்த ஐந்து பேரும் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டு, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தையல்கார அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அறுபத்திரண்டு வயசு. மூன்று மாதமாக வகுப்புக்கு வருகிறார். மூக்குக்கு மேல் தண்ணீரை ஏறவிட்டதில்லை. பக்கத்தில் பஸ் டிரைவர். நீச்சல் கண்ணாடிக்குள் அவர் கண் இரண்டும் சிரித்தன.

"ஒத்துழைப்புத் தரோம் டீச்சர்" என்றார் பஸ் டிரைவர்.

டீச்சருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. வாசலுக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததும், தையல்கார அம்மா சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார். மேலேறி வந்து ஈரக்கையோடு பக்கத்தில் நின்றார். டீச்சர் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பதாவது வாரத்தைச் சொன்னார், மூலைக்கடையைச் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு தண்ணீருக்குத் திரும்பி மற்ற நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ஊசிமுனைப் பார்வை.

"நாம எதையும் படிக்கல. யாருக்காவது தமிழ் படிக்கத் தெரியுமா இங்க?"

தெரியாது என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். மேனேஜர் தண்ணீரில் முழுகாததைத்தான் எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் டீச்சர் அவர்களிடம் சொல்லவில்லை; மேனேஜரிடமும் எதையும் விளக்கவில்லை, தெரியாதவர் எண்ணிக்கையில் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று.

வியாழக்கிழமை டாக்டர் ரத்தம் எடுத்தார், தைராய்டு அளவைப் பார்க்கச் சொன்னார். மெக்கானிக் ஒன்பது கேள்விகள் எழுதிவந்திருந்தார். டீ இரண்டு கோப்பை குடிக்கலாமா, பச்சை முட்டை ஆகுமா, மாடிப்படி ஏறலாமா. லிஃப்டில் போகலாமே என்றார் டாக்டர். எந்த லிஃப்ட், யார் சர்வீஸ் செய்தது என்று தெரியாமல் எப்படி ஏற்றுவது என்றார் மெக்கானிக். நீச்சலைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் சிரித்தார். தாராளமாக நீந்தலாம், குதிப்பதும் மருந்து கலப்பதும்தான் வேண்டாம், இதைவிட நல்ல உடற்பயிற்சி வேறு எது என்றார்.

டீச்சருக்குப் பாதி உயிர் வந்தது. அன்று மாலையே மேனேஜருக்கு, டாக்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார், குளோரின் மட்டும் வேண்டாம் என்று செய்தி அனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை, வாரக்கணக்கில் எட்டைத் தொடுகிற நேரம், நீச்சல் உடையும் தொப்பியுமாகக் குளத்தோரம் வந்தார். யாரும் தண்ணீரில் இல்லை. ஐந்து பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் டிரைவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். தையல்கார அம்மா எழுந்து வந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்கு இறங்காதீங்க கண்ணு. உடம்பு தேறட்டும். நாங்க சும்மா உக்காந்துட்டுப் போறோம்."

"எனக்கு என்ன?" என்றார் டீச்சர்.

அந்த அம்மா வாசல் பக்கம் பார்த்தார். டீச்சர் போய்ப் பார்த்தார். இந்த முறை சிவப்புப் பேனா.

மகிழ்ச்சியான செய்தி. ஆசிரியை இன்று முதல் மீண்டும் முழுகுகிறார்.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குத் தெரியும். காலையில்கூட வாந்தி எடுத்துவிட்டு வந்தவர். ஆனாலும் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று, பலகைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்பதுபோல. அந்த ஒரு நிமிஷத்தில் பழைய போன் எண்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. யாரிடம் முதலில், யாரிடம் கடைசியில்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குளத்தோரம் திரும்பினார். ஆழத்துக்குப் போகுமுன் இழுக்கிற மூச்சு. பன்னிரண்டு வாரம்வரை வாயால் சொல்வதில்லை என்று சட்டம் போட்டவர், எட்டாவது வாரத்தில், கூரை எதிரொலிக்கிற அந்தக் கூடத்தில் நின்று சொன்னார்.

"இருக்கு. பத்திரமா இருக்கு. டாக்டர் நீந்தச் சொன்னாங்க, அவ்வளவுதான். அவர் எழுதினது இந்தத் தண்ணில முழுகுறது. நீங்க நினைச்சது வேற."

 தையல்கார அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. பஸ் டிரைவர்தான் எழுந்துபோய் மேனேஜரை அழைத்துவந்தார். அந்த அம்மா மேனேஜரைக் குனியச் சொல்லிக் காதுக்குள் விளக்கினார். மேனேஜரின் காது சிவந்தது, பிறகு கழுத்து, பிறகு மொத்தமும்.

"அது அகராதியில இல்லையே" என்றார் பரிதாபமாக.

"இருக்கும் தம்பி. நீங்க அந்தப் பக்கத்துக்கு இன்னும் போகல" என்றார் பஸ் டிரைவர். "நீந்துவார்னு எழுதுங்க. அதுல யாருக்கும் எதுவும் தோணாது."

மேனேஜர் ஓடிப்போய் அழித்தார்.

டீச்சர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். மெக்கானிக், நர்ஸ், டாக்டர், இந்த ஐந்து பேர், இப்போது மேனேஜர். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சட்டம் சல்லடையாகிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தையல்கார அம்மா நெருங்கி வந்தார்.

"நல்லதுதான் நடக்கும். ஒருவேளை வேற மாதிரி ஆனா, நீங்க ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லவேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதிப் பேருக்கு நான் சொல்லிக்கிறேன். அந்த மூலைக்கடைக்கும் சேர்த்து."

டீச்சர் தலையாட்டினார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படி வழியாக, குதிக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் வயிற்றைத் தொட்டபோது ஒரு கணம் நின்றார். பிறகு முழுசாக உள்ளே போய், எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். எழுந்தபோது தையல்கார அம்மா பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும்தான் மூணு மாசமா முழுகாம இருக்கேன்" என்றார் அந்த அம்மா. "இந்த வயசுல யாராவது பலகையில எழுதிடப் போறாங்க. கையைப் பிடிச்சுக்கோங்க."

டீச்சர் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா கண்ணை இறுக மூடி, கடவுள்களை எல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டு, உள்ளே போனார்.