நூறாவது கையெழுத்து

திலகா கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிடுவாள். பள்ளிக்கூட நோட்டீஸ், ரேஷன் கடைப் பதிவேடு, கூரியர்காரர் நீட்டும் சீட்டு, எதுவானாலும் சரி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், பின்னால் வரிசை எவ்வளவு முணுமுணுத்தாலும் அசைய மாட்டாள். "எம் பேர இன்னாத்துக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரிய வாணாவா?" என்பாள், சிரித்துக்கொண்டே.

உத்திரமேரூர்ப் பக்கம் நாற்று நடப் போகிற பெண்களில் அவளுக்குத்தான் வாய் அதிகம். சும்மா சொல்லக் கூடாது, அரசாங்கத்தைப் பற்றி ஒரு கொள்கையே வைத்திருக்கிறாள். "கவுருமெண்டுன்றது வூட்டு மாப்ள மாதிரி. சேர் போடு, மோர் குடு. ஆனா பொண்ண எப்டி வச்சிக்கினு கீறன்னு கேக்காம அனுப்பாத." சேற்றில் குனிந்திருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து சிரிப்பார்கள்.

அந்தக் கொள்கைக்குச் சுதந்திர தினத்தன்று சோதனை வந்தது. கிராம சபைக் கூட்டம்; மேற்பார்வைக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் ஆபீசரும் வந்திருந்தார். அந்த ஊர் வழக்கம் என்னவென்றால், எல்லாரும் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிக்சர் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவார்கள். தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் ஜெகன் அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்வார். நூறு கையெழுத்து இருந்தால்தான் கூட்டம் செல்லும். அன்று தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டது.

ஜெகன் நோட்டை அவளிடம் நீட்டினார். "யக்கா, ஒரே ஒரு கையெழுத்து. ஆபீசர் கெளம்பிக்கினு கீறாரு."

"மொதல்ல எய்து தம்பி, போடறேன். காலனி வாய்க்காலுக்குப் பாலம்னு எய்து."

மூன்று வருடமாக வாயால் கேட்டுக் கேட்டு அலுத்த பாலம் அது. போன மழையில், வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கும் தென்னைமரத் துண்டின்மேல் பள்ளிக்கு நடந்த அவள் மகள் கீர்த்தி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அடுத்த மழைக்குள் பாலம் வராவிட்டால் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே திலகாவுக்குப் பயம். இதைப் பேசும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

"அப்பறமா சேத்துக்கறேன்க்கா."

"அப்ப நானும் அப்பறமா போட்டுக்கறேன்."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பைப் பேனாவையே எடுத்து ஜெகனிடம் கொடுத்தார். கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து ஜெகன் எழுதினார்.

திலகா சொல் சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். 'பாலம் கட்ட இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது' என்று முடிந்த வரியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று பிற்பாடு எவரும் சேர்த்துவிட முடியாதபடி, அந்த இடத்தைத் தாளின் ஓரம் வரைக்கும் அழுத்தமாக ஒரு கோடு கிழித்து அடைத்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.