காலிக் கூண்டுக்குத் தண்ணீர்

ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு காலிக் கூண்டு இருந்தது. நான் தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் மாற்றினேன், தீனி வைத்தேன், இருட்டுவதற்குள் துணி போட்டு மூடினேன். இது ஆவணியில் நடந்தது என்று பெரியம்மா இன்றும் சாதிப்பாள். இல்லை, புரட்டாசி. காலாண்டு விடுமுறை அந்த மாதத்தின் நடுவில்தான் வந்தது; விடுமுறையிலும் ஒருநாள் தவறாமல் நான் கூண்டைத் துடைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. நான் ஏழாம் வகுப்பு.

அப்பா தனியார் பேருந்தில் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் ஏறினால் தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து திரும்ப கள்ளக்குறிச்சி. விடியுமுன் கிளம்புவார், திரும்பும்போது தெருவில் பாதி வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும். அம்மா கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் சாலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. ஒப்பந்த வேலை. இன்னும் சில வருடம் மலையிலேயே இருந்தால் நிரந்தரமாகிவிடும் என்று பேச்சு இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். வீட்டுச் சாவி என் பள்ளிப்பையின் உள் ஜிப்பில் இருக்கும். அதை ஒரு பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் வேறு யாரிடமும் சாவி கிடையாது.

கிளியை முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை, அப்பாவின் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து உளுந்தூர்பேட்டை வரை போனபோது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில், மீன்தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கும் ஒரு சின்னக் கடை. அதில் ஒரு கூண்டில் மட்டும் வேறு மாதிரி ஒரு கிளி. முதுகு பச்சை, நெற்றியும் நெஞ்சும் சாம்பல் நிறம். பள்ளிச் சீருடை போட்டதுபோல இருந்தது. நான் கிட்டே போனதும் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, கடைக்காரர் குரலிலேயே, "வா வா, இன்னா வோணும்" என்றது.

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபாரஸ்ட்காரங்க புடிப்பாங்களா?"

"நம்மூரு கிளிய வெச்சாதான் கேஸு. இது குவாக்கர். வெளிநாட்டுக் கிளி" என்றார் கடைக்காரர். அவர் நல்ல வியாபாரி இல்லை, மறைக்கத் தெரியாதவர். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். "ஆனா ஒண்ணு சார். இருபது, இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். ஊரே எழுந்துக்கற மாதிரி கத்தும். கூண்டுக்குள்ள கை வுட்டா கடிக்கும், அது வூடுன்னு அதுக்கு நெனப்பு. ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கிச்சின்னா அவங்கதான் அதுக்கு எல்லாம். தனியா வுட்டுட்டுப் போனா தாங்காது. ரெக்கைய அதுவே பிச்சிப் போட்டுக்கும்."

"இருபத்தஞ்சு வருஷமா? எங்க பஸ்ஸே அவ்ளோ நாள் ஓடாதே" என்றார் அப்பா.

ஒட்டிக்கொண்டால் அவர்கள்தான் எல்லாம் என்ற ஒரு வாக்கியம் மட்டும் என் காதில் நின்றது. மற்றவை பரோட்டா கடைச் சத்தத்தோடு போய்விட்டன. திரும்பும் வழியில் தியாகதுருகம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. வடக்கனந்தலிலிருந்து அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, வந்திருந்தாள். அவர்களுக்கு அங்கே மக்காச்சோளக் கொல்லை. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் கிளி விரட்டத் தட்டைத் தட்டித் தட்டியே அவள் வலது தோள் இறங்கிப்போயிருந்தது.

"கிளியா? காசு குடுத்தா? எங்க கொல்லைக்கு வந்து நில்லுடி, காலீல நூறு கிளி வரும். வெரட்டறதுக்கு ஆள் இல்லாம நான் லோல்படறேன், இவ வூட்ல கூப்ட்டு உக்கார வெச்சி சோறு போடப்போறாளாம்!"

"அதப் புடிச்சா ஜெயிலுங்க" என்றார் அப்பா. "இது பாஸ்போர்ட் எடுத்துக்கினு வந்த கிளி."

"ஆமாங்க, துன்றதுக்குப் பாஸ்போர்ட் வேற!"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கைகாரியத்தை விடாமலே கேட்டாள்: "அத யாரு பாத்துப்பா?"

"நான்."

"ஸ்கூலுக்குப் போவும்போது?"

"காலீல எல்லாம் வெச்சிட்டுப் போவேன். வந்தொன்ன அதுகூடவே இருப்பேன்."

"இன்னிக்கி சொல்லுவ. பத்து நாள்ல சலிச்சிப்பூடும். அப்பறம் அது பாவம் யாருக்கு?"

"சலிக்காது. பந்தயம்."

அம்மா ஆஸ்பத்திரிக்காரி. ஒரு நோயாளியை உள்ளே சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தெரியாதபோது கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பார்களாம். அந்த வழக்கத்தில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. முதலில் கூண்டு வரட்டும், கிளி வேண்டாம். ஒரு மாதம் உள்ளே கிளி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அத்தனையும் செய்ய வேண்டும். காலையில் துணி எடுத்து, தண்ணீர் மாற்றி, காய் நறுக்கி வைத்து, தானியம் போட வேண்டும். சாயங்காலம் மிச்சத்தை எடுத்து, அடியில் பேப்பர் மாற்றி, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்க வேண்டும். இருட்டுவதற்குள் மூட வேண்டும்.

"ஒருநாள் தப்பினாலும் கிளி கெடையாது. கேட்டுக்கினியா?"

"பேசணுமா? காலிக் கூண்டுகிட்டயா?" என்றாள் பெரியம்மா. "ஏண்டி, புள்ளைக்கிப் புத்தி கித்தி பெரண்டுக்கப் போவுது!"

அப்பாவின் பஸ் டிரைவர் வீட்டில், லவ் பேர்ட்ஸ் செத்துப்போய் மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒரு கூண்டு வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னலோரம் வைத்தேன். அன்று முதல் எனக்குக் கிளி உண்டு.

தெருவில் இது பரவ அதிக நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படித்த அண்ணன் ஒருவன் தினமும் சைக்கிளை நிறுத்திக் கேட்பான்: "இன்னா பாப்பா, முட்ட போட்ச்சா?" நான் பாட்டுக்குக் கொத்தவரங்காயைப் பொடியாக நறுக்கி வைப்பேன். சாயங்காலம் அது வாடி, எறும்பு மொய்த்துக் கிடக்கும். அப்படியே எடுத்துப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுவேன். விளையாடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் மாற்றினேன். நான் சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஏமாற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஏமாற்றுவது என்றால் கிளியைத்தானே ஏமாற்ற வேண்டும்.

பேசுவதுதான் முதலில் கூச்சமாக இருந்தது. வீட்டுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துச் சமாளித்தேன். ஒரு வாரம் போனதும் பாடம் தேவைப்படவில்லை. கணக்கு டீச்சர் யாரை எழுப்பி நிறுத்தினார், யார் டப்பாவிலிருந்து யார் எடுத்துத் தின்றார்கள், எல்லாம் சொன்னேன். அம்மா விதித்தது ஒரு மணி நேரம். எனக்கு அது போதவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் எங்கள் வகுப்பைக் கல்வராயன் மலைக்கு, பெரியார் அருவி பார்க்க அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். கோடை விடுமுறையில் அம்மாவோடு அங்கே போய்த் தங்கியிருந்தாலும், வகுப்போடு போவது வேறு அல்லவா? விடுமுறைக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தேன். பஸ் எந்த வழியாகப் போகும் என்று அம்மா விவரமாகக் கேட்டு வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முதல்நாள் டீச்சர் சொன்னபோதுதான் தெரிந்தது: விடியற்காலையில் கிளம்பினால் திரும்புவதற்கு இருட்டிவிடும். இருட்டிவிட்டால் யார் மிச்சத்தை எடுப்பது, யார் பேசுவது, யார் மூடுவது? மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சர் காரணம் கேட்டார். வீட்டில் கிளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை. மலையில் அவள் போனுக்குச் சிக்னல் எப்போதாவதுதான் கிடைக்கும்.

டூர் அன்று பகல் முழுவதும் வீட்டில் இருந்தேன். வகுப்பு மொத்தமும் அருவியில் நின்றிருக்கும் நேரத்தில் நான் கூண்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அழுகை வந்தது, ஆனால் அழுதுகொண்டே தேய்த்தேன். சாயங்காலம் வழக்கம்போல் மின்சாரம் போயிற்று. கூண்டுப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"பயப்படாத. கரண்டு இப்போ வந்துடும். நான் இருக்கேன் இல்ல?" என்று அதனிடம் சொன்னேன். "அப்பா வர நேரமாவும். யாராச்சும் கதவத் தட்டினா யாருன்னு கேக்காம தொறக்கக் கூடாது. பசிச்சா டப்பால பொரி இருக்கு, எடுத்துத் துன்னு. தூக்கம் வந்தா தூங்கு. அம்மா சனிக்கெழம வந்துடுவாங்க."

கதவை அன்று நான் தாழிட்டிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் அம்மா. நர்சு உடுப்பு அப்படியே இருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

அன்று புதன்கிழமை. புதன்கிழமையில் நான் அம்மாவை எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. ஆனால் எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, வெற்றி. ஓடிப்போய்ச் சொன்னேன்: "ம்மா, நான் டூருக்கே போவல! கூண்ட வுட்டுட்டு எங்கயும் போவல! பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள்.

பையில் கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் இருந்தன. நான் நல்ல பழமாக ஒன்றை எடுத்து, நான்காக நறுக்கி, கூண்டுக்குள் கிண்ணத்தில் வைக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல நீ துன்னு, பாப்பா."

நின்றபடியே நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே கூண்டைத் துணி போட்டு மூடினாள். நேரம் ஆகியிருந்தது.

என் தோழி மறுநாள் வகுப்பில் சொன்னாள். மலையேறும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அம்மா பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாளாம். பழத்தைக் கொடுக்கத்தான் நிறுத்தினாள் என்று நினைத்து எல்லாரும் கை நீட்டினார்களாம். "உங்கம்மா பைய குடுக்கவே இல்லடி. ஜன்னல் ஜன்னலா எட்டிப் பாத்துக்கினே பின்னால வரைக்கும் போனாங்க. அப்பறம் திரும்பியும் மொதல்லேர்ந்து பாத்தாங்க. டீச்சரு கிளி விஷயத்த சொன்னப்பறம்தான் நின்னாங்க." பழம் கிடைக்காத வருத்தம் அவளுக்கு.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பா உளுந்தூர்பேட்டையில் பேசியே வைத்துவிட்டார். கடைக்காரர் கிளியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கூண்டை ஜன்னலிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன்.

"கிளி வாணாம்" என்றாள் அம்மா.

"நான் ஒருநாள் தப்பினேனா?"

"தப்பல."

"அப்போ பாஸுதானே?"

"பாஸுதான். நூத்துக்கு நூறு. ஆனா கிளி வாணாம்."

அப்பா குறுக்கே வந்தார். "ஏம்மா, புள்ள ஒரு மாசமா காத்துக்கு சேவகம் பண்ணிக்கீது. நாமளே வார்த்த மாறினா எப்படி?"

அம்மா என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே சொன்னாள்: "ஆளில்லாத வூட்ல ஒரு உயிரக் கொணாந்து அடைச்சி வெக்கக் கூடாதுங்க. அது நம்ம மேலதான் ஒட்டிக்கும். நாம இருக்க மாட்டோம். சாப்பாடு தண்ணி வெச்சிட்டுப் போனா போதுமா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார், தலை வாராமலே திரும்ப வைத்தார்.

"நான்தான் வூட்ல இருக்கேனே!" என்று கத்தினேன். "நான் ஆளில்லியா?"

அம்மா கூண்டைத் தூக்கித் திரும்ப ஜன்னலோரம் வைத்தாள். அதை நான் அநியாயம் என்று எடுத்துக்கொண்டேன். போட்ட பந்தயத்தில் ஜெயித்த பிறகு சட்டத்தை மாற்றுகிறார்கள் என்று இரண்டு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அவள் வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருந்தாள் என்பதால், அதற்கு எனக்குச் சிரமமும் இருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மா மலை வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் கம்மி. நிரந்தரம் என்ற பேச்சே அங்கே கிடையாது. "கைக்கு வந்தத யாராச்சும் தட்டி வுடுவாங்களா?" என்று பெரியம்மா வடக்கனந்தலிலிருந்து வந்து ஒரு பொழுது முழுக்கத் திட்டிவிட்டுப் போனாள். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் நான் பள்ளி விட்டு வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஏதோ தாளிக்கும் வாசனை வந்தது. சாவியைக் கையில் எடுத்தபடி வந்த நான் படியிலேயே நின்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்குத் தெரியாமல் அப்பாவும் நானும் கிளியை வாங்கி வந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் மலையிலிருந்து இறங்கிக் காவலுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். வெகுநாள் வரை அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.