என்ஜின் விட்டுப்போன தண்ணீர்

ஒரகடம் தாண்டி, எங்கள் தொழிற்சாலைத் தோட்டத்தில் பெஞ்சாகிவிட்ட பழைய தண்டவாளக் கட்டைகள் வெயிலில் தார் வாசம் விடும்போதெல்லாம், தொண்ணூற்றொன்றில் இதே இடத்தில் இருந்த ரயிலடிக் குடியிருப்பும், கரி என்ஜின் தண்ணீர் பிடித்துப் போனபின் குழாயில் வழியும் மிச்சத்துக்குக் குடத்தோடு நின்ற பெண்களும், அந்த வரிசையிலேயே சண்டையும் சிரிப்புமாக நடந்த ஊர்க்கூட்டமும் திரும்பி வருகின்றன.

டீசல் வண்டி வந்ததும் குழாயை மூடினார்கள். "நீங்க ரயில்வே ஆளுங்க, அங்க கேளும்மா" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். "ஊராளுங்களுக்கு நாங்க இன்னா பண்றது?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "அப்ப நாம யாரூட்டு ஆளுங்கடி?" என்று வெறுங்குடத்தோடு சிரித்தாள் அம்மா. கோடைக்குள் குடியிருப்பே கலைந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், இங்கேயே இன்ஜினியர். நேற்று மேலாளர் புதியவர்களிடம், "வெறும் பொட்டலா கெடந்த எடம்" என்றார்.

"இங்கதான் சார் எங்க வீடு இருந்துச்சு."

"அப்படியா? தண்ணி வசதியெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார்.